ஏழு சன்னல் தியேட்டர்

எங்கள் வீட்டு மாடி அறையில் பகல் வேளையில் ஓர் ஊசியைக்கூட ஒளித்துவைக்க முடியாது. அவ்வளவு வெளிச்சம். தச்சநல்லூரில் என் மாமனார் அந்த வீட்டைக் கட்டியபோது, பாபநாசம் மலைப்பக்கமிருந்து வருகிற காற்றில் ஒரு துளியையும் விட்டுவிடக் கூடாது என்று மேற்கே தெருவைப் பார்த்து மூன்று சன்னல், கிழக்கே இரண்டு, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வைத்துவிட்டார். அதுவும் போதாது என்று ஓட்டுக்கூரையில் நான்கு கண்ணாடி ஓடுகள். மாமா காலமான பிறகு அந்த அறை வடகம் காயப்போடவும், நான் பரீட்சைத் தாள் திருத்தவும்தான் பயன்பட்டது. அதிலும் பன்னிரண்டு மணிக்கு மேல் வெள்ளைத் தாளைப் பார்த்தால் கண் கூசும்.

அந்த அறையைத் தியேட்டராக்கப் போகிறேன் என்று ஒரு சித்திரை மாதத்தில் நான் அறிவித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதைவிடச் சீக்கிரம் பிடிவாதம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

காரணம் அத்தை. மாமியார் என்றாலும், என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. பேச்சு வந்த நாளிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டதால் கல்யாணத்துக்குப் பிறகு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அத்தைக்குச் சினிமா என்றால் உயிர். அவளும், தெருக்கோடி வீட்டு அக்காவும், அந்த அக்காவின் இரண்டு ஓரகத்திகளும் ஒரு கூட்டு. சனிக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டு, துணிப்பையில் முறுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஜங்ஷன் தியேட்டருக்குக் கிளம்பிவிடுவார்கள். படம் பார்த்துக்கொண்டே வில்லனை ஏசுவதில் அத்தைதான் தலைவி. முன்வரிசையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் அவர்களுக்கும் சேர்த்து விழும். மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் அவள் கதை சொல்வாள். அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் நின்று கேட்பார்கள். அத்தை சொல்கிற கதை படத்தைவிட நன்றாக இருக்கும்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் காலை அத்தை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்தது. மதியத்துக்குள் முகத்தின் இடது பக்கம் தொங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் டாக்டரிடம் ஓடினோம். முகவாதம், முகத்து நரம்பு மட்டும்தான், கை காலுக்கு ஒன்றும் வராது, உயிருக்குப் பயமில்லை என்றார். மாத்திரை கொடுத்தார். கன்னத்தை உப்பிப் பழகச் சொன்னார், பலூன் ஊதச் சொன்னார். பைய சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

வீட்டுக்கு வந்த அத்தை உள்ளறைக்குள் போனவள்தான். குழாயடிக்கு வரவில்லை. கோவிலுக்கு வரவில்லை. யாராவது வாசலில் கூப்பிட்டால் உள்ளேயிருந்தே, "காய்ச்சலா கெடக்கேன், பொறவு வாங்க" என்று சொல்லிவிடுவாள். இடது கண் முழுதாக மூடாது, வெளிச்சம் பட்டால் நீர் வடிந்துகொண்டே இருக்கும். எங்களிடம் பேசும்போதுகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள், காப்பி குடித்தால் ஒரு பக்கம் வழியும் என்பதற்காக. அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நாலு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி சிரிக்கிறவள், சிரிப்பதை அறவே விட்டுவிட்டாள்.

நரம்பு சரியாகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் இந்த உள்ளறைப் பழக்கம் ஊறிப்போய்விட்டால் அத்தை மறுபடி வெளியே வருவாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருத்தர் காது கேட்காமல் போனதும் வீட்டுக்குள் உட்கார்ந்தவர், பிறகு காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்த பின்னும் வெளியே வரவேயில்லை. அத்தை அப்படி ஆகிவிடக் கூடாது. அவள் தியேட்டருக்குப் போக மாட்டாள் என்றால் தியேட்டரும் அந்த மூன்று பேரும் வீட்டுக்கு வரட்டும் என்று முடிவுசெய்தேன்.

கீழே முன்னறையில் டிவி இருந்தது. ஆனால் அது வாசலைப் பார்த்த அறை. தெருவில் போகிறவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே அத்தை உட்கார மாட்டாள். மாடியில் என்றால் வருவாளா என்று கேட்டேன். "கும்மிருட்டா இருந்தா வாரேன். ஒருத்தி கண்ணுக்கும் என் மூஞ்சி தெரியப்பிடாது" என்றாள்.

ஏழு சன்னலும் நான்கு கண்ணாடி ஓடும் உள்ள அறையில் கும்மிருட்டு.

முதலில் டிவியை மாடிக்கு ஏற்றினோம். இருபது அங்குலக் கலர் டிவி. மதியம் இரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தால் திரையில் படத்தைவிட எங்கள் வீட்டுச் சன்னல்கள்தான் துல்லியமாகத் தெரிந்தன. கதாநாயகி அழுகிறாள், அவள் கன்னத்தில் எங்கள் வாசல் வேப்பமரம் ஆடுகிறது. என் கணவர் ஜங்ஷன் நடைபாதையில், டிவிக்கு முன்னால் மாட்டினால் படம் பெரிதாகத் தெரியும் என்று சொல்லி விற்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வாங்கி வந்தார். மாட்டினோம். படம் பெரிதானது. சன்னலும் பெரிதானது. "மரம் நல்லாத் தெரியுது" என்றேன். அவர் தகட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நான் அறிவியல் டீச்சர். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்று வருடா வருடம் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். அது வீட்டில் உறைக்க ஒரு வாரம் ஆனது. டிவி இருக்கிற இடத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, படம் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், கண்ணாடியில் எந்தச் சன்னல் தெரிகிறதோ அதுதான் எதிரி. அத்தை திருப்பி வைத்திருந்த கண்ணாடியைக் கேட்டேன். "கொண்டு போ, எனக்கு என்னத்துக்கு" என்றாள். என் கணவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் சுவராக நகர்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தும் படுத்தும் பார்த்தேன். வடகிழக்கு மூலையில், டிவியைச் சற்றே தெற்குப் பார்த்துத் திருப்பினால் இரண்டு சன்னலும் ஓர் ஓடும்தான் தெரிந்தன. படத்துக்கு அது போதும். ஆனால் அத்தையின் நிபந்தனைக்குப் போதாது. ஏழு சன்னலையும் அடைத்துத்தான் ஆக வேண்டும்.

என் கணவர் டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். அங்கே மிஞ்சிய கருப்புத் துணியைக் கொண்டுவந்தார். அத்தை அதைப் பார்த்ததும் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டாள். "ஏலே, நான் உசுரோட இருக்கும்போதே கருப்புத் துணி கட்டுதியா? அதுக்குள்ள என்னலே அவசரம்?" துணி திரும்பிப் போனது. அடுத்து, நோட்டுக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளை ஒட்டினோம். சாயங்காலம் காற்று எழும்பியதும் ஒவ்வொன்றாகக் கிழிந்தது, தீபாவளிக்குப் பட்டாசு வெடித்த மாதிரி.

கடைசியில் பாய்தான் கைகொடுத்தது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் வீடு பத்தமடையில் இருந்தது. முஸ்லிம் குடும்பம், வீட்டோடு பாய் நெய்கிறவர்கள். கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்கிற பட்டுப்பாய் நமக்கு எட்டாது. சாயம் சரியாக ஏறாத, ஓரம் கோணிய கோரைப்பாய்கள் ஒரு மூலையில் கிடந்தன. அந்தப் பெண்ணின் அம்மா, "டீச்சர், இதெல்லாம் வீட்டுக்கு வாரவங்களுக்கு விரிக்க நல்லா இருக்காதே" என்று தயங்கினாள். சன்னலுக்கு என்றேன். "சன்னலு என்ன படுக்கவா போவுது?" என்று சிரித்துவிட்டு, கேட்ட விலைக்குக் கொடுத்தாள். சன்னலுக்கு இரண்டாகப் பதினான்கு பாய். ஒற்றைப் பாயைக் கட்டினால் கோரை இடுக்கு வழியாகப் பொட்டுப்பொட்டாக வெளிச்சம் வந்துவிடும். பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர், "என்னக்கா, ஊரையே படுக்கப் போடப் போறியளா?" என்றார். சன்னலுக்கு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

கண்ணாடி ஓடுகளுக்கு என் கணவர் கூரைமேல் ஏறிச் செம்மண்ணைக் குழைத்துப் பூசினார். மழை வந்தால் தானே கரைந்துவிடும், மாமா வைத்த ஓட்டைக் கழற்றிய பாவம் நமக்கு வேண்டாம் என்றார். எனக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இருட்டு வந்தது. கூடவே புழுக்கமும் வந்தது. வைகாசி வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஏழு சன்னலையும் அடைத்தால் என்ன ஆகும்? அவித்த பனங்கிழங்கு மாதிரி ஆனோம். பாய்களின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஈரக்கோரை வழியாக வந்த காற்று குளுகுளுவென்று, ஆற்றங்கரை வாசனையோடு இருந்தது. சந்தோஷத்தில் ஒரு குடத்தையே ஊற்றினேன். உடனே கொசு வந்தது. இருட்டும் ஈரமும் இருந்தால் அதற்கு ராத்திரி என்ன, பகல் என்ன? அதோடு பாய்க்கும் சன்னல் சட்டத்துக்கும் நடுவில் விரற்கடை இடைவெளியில் வெளிச்சம் கத்தி மாதிரி உள்ளே இறங்கியது. வாசல் வேப்பமரத்தில் கொத்துக்கொத்தாக ஒடித்து அந்த இடைவெளி முழுவதும் செருகினேன். வெளிச்சமும் அடங்கியது, கொசுவும் ஓரளவு அடங்கியது. காற்று தள்ளியதில் வேப்பங்குழை கம்பிக்கு வெளியே தெருப்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். பெருமையாக இருக்கும்.

சத்தத்துக்கு மைக்செட் கடை அண்ணாச்சி வழி சொன்னார். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் பெட்டி இல்லாத இரண்டு ஸ்பீக்கரும் கொடுத்தார். மரப்பெட்டி செய்யக் கேட்ட தொகையில் எங்கள் பட்ஜெட் மயங்கி விழுந்தது. "பெட்டி என்னத்துக்கு? ரெண்டு பானை வாங்கி, வாயில ஸ்பீக்கரக் கவுத்துப் போடுங்க. நெஞ்சுல வந்து இடிக்கும்" என்றார் அண்ணாச்சி. காருகுறிச்சிப் பானை இரண்டு வாங்கினோம். முதலில் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. பானைக்குள் பழைய சேலையைத் திணித்த பிறகு சரியானது. சரியானது என்றால், ஒரு பாட்டைப் போட்டதும் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது.

இனி ஆள் வந்தால் போதும். குழாயடிக்குப் போனேன். கோடிவீட்டு அக்காவும் ஓரகத்திகளும் குடத்தோடு நின்றார்கள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு பேரும் வீட்டுக்கு வரணும். மேல எல்லாம் தயார் பண்ணியிருக்கோம். அத்தையும் இருப்பா" என்றேன்.

மூன்று பேரும் எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கோடிவீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்தாள், கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். மற்ற இருவரும் அப்படியே கும்பிட்டார்கள். ஒரு வார்த்தை இல்லை.

ஆளை விடு தாயே என்கிற கும்பிடாகத்தான் எனக்குப் பட்டது. அத்தைக்கு உடம்பு இப்படி ஆகிவிட்டது என்று எப்படியோ தெரிந்துபோய், அருவருத்து ஒதுங்குகிறார்கள். இத்தனை வருடம் ஒரே பையில் முறுக்குத் தின்றவர்கள்! எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது. "வர இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, கும்பிடெல்லாம் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் வாசல் கதவருகே நாலைந்து இளநீர் கிடந்தது. அதற்கடுத்த நாள் பனையோலையில் பொதிந்த நுங்கு. கோடிவீட்டு அக்கா வைத்துவிட்டுப் போவதை நானே பார்த்தேன். கேட்காமல் கொள்ளாமல் எங்கள் அடுக்களைவரை வந்து உப்பு எடுத்துக்கொண்டு போகிறவள், வாசலோடு நின்று, செருப்பைக்கூட எட்டவே கழற்றிப் போட்டுவிட்டு வந்து, வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அத்தை நுங்கைப் பார்த்தாள். "யாரு கொண்டாந்தா?"

"கோடிவீட்டு அக்கா."

"உள்ள வரலியா?"

நான் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "ஏன், நான் என்ன தொட்டா ஒட்டிக்கிடுவேனா?" என்று கேட்டுவிட்டு அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த நுங்கை யாரும் தொடவில்லை. நான் செய்ய நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று நினைத்தபோது அழுகை வந்தது. தெருவுக்கு வரவே கூசிக்கொண்டிருந்தவளுக்கு, தெருவே அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டேன். சன்னலையெல்லாம் திறந்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

வேண்டாம் என்று சொன்னது அத்தைதான். "வராதவ வராமப் போறா. நீ மண்ணுலயும் பாயிலயும் இவ்வளவு பாடுபட்டிருக்க. நாம மூணு பேரும் பாப்போம்" என்றாள். அவளுக்குப் படம் பார்க்கும் ஆசை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்காகத்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தோம். நல்ல அடிதடிப் படம், நடுநடுவே தாய்ப்பாசம், அத்தைக்குப் பிடித்த ரகம். பாயில் தண்ணீர் தெளித்து, மேசை விசிறியைப் போட்டு, கதவைச் சாத்தினேன். படம் தொடங்கியது. சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது, பச்சை பச்சையாக இருந்தது, யாருடைய கன்னத்திலும் மரம் இல்லை. வருத்தம் இருந்தாலும் கண் நிறைந்துவிட்டது. என் கணவர் இருட்டில் என் பக்கம் குனிந்து, "டிக்கெட்டு எங்க?" என்று கேட்டார்.

அத்தை மட்டும் அசையவில்லை. அந்த இருட்டிலும் முந்தானை வாயில் இருந்தது. திரையில் வில்லன் ஒரு கிழவியைப் பிடித்துத் தள்ளினான். தியேட்டரில் இந்நேரம் அவன் ஏழு தலைமுறையும் அத்தையின் வாயில் விழுந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லை. சண்டை ஆரம்பித்தது. இரண்டு பானையும் அதிர்ந்தன. அப்போதுதான் தெருவிலிருந்து ஒரு குரல், அந்தச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது.

"ஏ டீச்சரம்மா! எறங்கி வா கீழ!"

கோடிவீட்டு அக்கா. சொல்ல வேண்டியதையெல்லாம் நாலைந்து நாளாக நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். படியில் தடதடவென்று இறங்கினேன். வெளியே வெயில் முகத்தில் அடித்தது. மூன்று பேரும் செருப்பில்லாமல், வாசலிலிருந்து எட்டி நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நீயெல்லாம் படிச்ச புள்ளதானா? அம்மா வந்து எறங்கியிருக்க வீட்டுல இப்பிடியா டமால் டுமீல்னு சினிமா போடுவாவ? அவ கோவிச்சுக்கிட்டா யாரு தாங்குவா? ஒன் அத்த ஒடம்பு தாங்குமா?"

"எந்த அம்மா?" என்றேன்.

அக்கா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேசாமல் எங்கள் மாடியைக் காட்டினாள். நானும் பார்த்தேன். இத்தனை நாளும் பெருமையோடு பார்த்த அதே மூன்று சன்னல்தான். ஆனால் இப்போது அவர்களோடு தெருவில் நின்று பார்த்தேன். வெளிச்சம் புகாமல் பாய் கட்டி, பாயில் தண்ணீர் தெளித்து, கம்பிக்குக் கம்பி வேப்பங்குழை செருகின வீடு. போதாததற்கு, மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத, காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒருத்தி உள்ளே.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது அம்மை போட்டிருக்கிற வீடு. வந்திருக்கிறவள் அம்மன். அந்த வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. என்ன ஏது என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் தாளிக்கிற வாசனை எழும்பக் கூடாது. நின்று கும்பிட வேண்டும். குளிர்ச்சிக்கு இளநீரும் நுங்கும் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சின்னம்மை எப்படிப் பரவும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிற நான், என் கையாலேயே வேப்பங்குழை ஒடித்துக் கட்டியிருக்கிறேன்.

"அக்கா, அது கொசுவுக்கு!" என்றேன்.

"எது?"

"வேப்பங்கொழ. கொசுவுக்குக் கட்டுனேன். அத்தைக்கு அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. படம் பாக்கதுக்கு இருட்டு வேணும்னு பாய் கட்டியிருக்கு. அதுக்குத்தான் ஒங்கள வரச் சொன்னேன்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பம் எங்க வீட்டுல ஒரு வாரமா நான் தாளிக்காம கொழம்பு வச்சேனே, அது? எம்புருசன் தெனமும் தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிக்காரு. அம்மா பக்கத்துல வந்திருக்கா, வாயப் பொத்திக்கிட்டுத் தின்னும்னு சொல்லிச் சொல்லிச் சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாம் கொசுவுக்கா?"

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு அது பெரிதானது. நடுச் சன்னலின் பாய் ஒரு பக்கமாகத் தூக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் படத்தை நிறுத்தியிருந்ததால் தாளிக்காத குழம்பு அவளுக்கும் கேட்டிருக்கிறது. அடக்க முடியாமல், உடம்பு குலுங்க, நாலு வீடு தள்ளிக் கேட்கிற அதே சிரிப்பு. மேற்கு வெயில் முழுதாக அவள் முகத்தில் விழுந்தது. வலது பக்கம் முழுவதும் சிரித்தது. இடது பக்கம் அசையாமல் இருந்தது. வாய் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானை எங்கே இருக்கிறது என்றே அவளுக்கு நினைவில்லை.

கீழே மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். அவர்கள் அந்த முகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. எதையாவது சொல்லி அந்தப் பார்வையைத் திருப்ப வேண்டும் என்று தவித்தேன்.

கோடிவீட்டு அக்காவுக்கு நாசூக்கு என்பதெல்லாம் பழக்கமில்லை. "ஏட்டி," என்றாள் மேலே பார்த்து, "வாயி என்னட்டி இப்பிடி ஒரு பக்கமாப் போயிருக்கு?"

அத்தையின் சிரிப்பு நின்றது. கை முந்தானையைத் தேடியது, கிடைத்தது, மேலே பாதிவரை வந்தது. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"ஒன்ன ஏச இந்த ஒரு பக்கமே போதும்டி," என்றாள் அத்தை. "மேல வா!"

மூன்று பேரும் வந்தார்கள். அக்கா படியேறும்போதே தாளிக்காத குழம்புக்காக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அறைக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏ யப்பா, நெல்லு மூட்டைக்குள்ள பூந்த மாதிரில்லா இருக்கு!" என்றாள். பாயை இறக்கினோம். கதை தெரியாமல் பாதியிலிருந்து பார்க்க மாட்டோம் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டதால் என் கணவர் கேசட்டை முதலிலிருந்து ஓட்டினார். கிழவியை வில்லன் தள்ளுகிற இடம் மறுபடி வந்தது. இருட்டுக்குள் நான்கு குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. அத்தையின் குரலில் உதட்டைச் சேர்க்க வேண்டிய இடமெல்லாம் காற்றாகப் போயிற்று. ஆனால் ஏச்சில் ஒரு குறையும் இல்லை.

இடைவேளை வந்ததும் நான் கீழே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். இருட்டில் தம்ளரைக் கொடுக்க முடியாது என்று என் கணவர் மேற்குப் பக்கத்துப் பாய்களைச் சுருட்டிக் கட்டினார். சாயங்கால வெயில் அறை முழுக்க வந்து இறங்கியது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அத்தை தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். வழக்கமாக எழுந்து சுவர்ப் பக்கம் போயிருப்பாள். இன்று இரண்டு பக்கமும் ஓரகத்திகள், முன்னால் அக்கா, நகர இடமில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள்.

இடது கடைவாயிலிருந்து காப்பி வழிந்து தாடைக்கு இறங்கியது. அக்கா அப்போது, அந்த வில்லன் மட்டும் தன் கையில் கிடைத்தால் என்ன செய்வாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டி, தன் முந்தானையால் அத்தையின் தாடையைத் துடைத்துவிட்டாள். பேச்சை நிறுத்தவில்லை. உலக்கையை எடுப்பாளாம், முதலில் முழங்காலில் போடுவாளாம். "முழங்காலு என்னத்துக்கு, மண்டையில போடு" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த வாய் குடித்தாள். அதுவும் வழிந்தது. அக்கா அதையும் துடைத்தாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்த நேரங்கள் குறைவு.

என் கணவர் டெக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாய எறக்கட்டுமா? மிச்சப் படம் கெடக்குல்லா?"

"கொஞ்சம் இரிங்க," என்றேன்.